அஷ்டமி நவமிக்கு ஒரு நல்ல வார்த்தை

தீபாவளி விடுமுறைக்கு அந்தமான் போய்க் கடலுக்குள் இறங்கிவிட்டு வருவது சென்னையில் இப்போது அதிசயமான காரியம் இல்லை. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் போர்ட் பிளேர் என்ற ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து படகில் ஹேவ்லாக் என்ற ஸ்வராஜ் தீவு. அடையாறிலோ தி. நகரிலோ இருப்பவர் ஊரிலேயே நீச்சல் குளத்தில் பாடம் முடித்து, புதுச்சேரிக் கடலில் சான்றிதழுக்கான நாலு டைவ் போட்டு, கையில் அட்டையோடு போய் இறங்குகிறார். போவதற்கு முன் மாஸ்க் பொருந்துகிறதா, ஃபின் கடிக்கிறதா, தண்ணீருக்கடியில் எடுக்கும் கேமரா வாங்கலாமா என்றெல்லாம் கேட்பவர்கள், என்றைக்கு இறங்குவது என்று மட்டும் கேட்பதில்லை. அதை விடுமுறையும் விமானக் கட்டணமும் முடிவு செய்துவிடுகின்றன. டைவிங் கற்றுக்கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நீரோட்டம் பலமாக இருக்கும் பவளத்திட்டில் உங்கள் டைவ் நல்லபடி நடக்குமா என்பது தண்ணீருக்குள் தீர்மானமாவதில்லை. நாளிலும் நேரத்திலும் படகிலும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. உள்ளே நீங்கள் காட்டும் திறமைக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு.

முதலில் நாள். தீபாவளி நம் ஊரில் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருகிறது. அன்றோ மறுநாளோ அமாவாசை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால் சூரியன், சந்திரன் இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து இழுக்கிறது. கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றுகிறது. அஷ்டமி வாக்கில் சந்திரன் செங்குத்தாக விலகி நிற்பதால் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன; ஏற்றமும் வற்றமும் சிறுத்துப்போகின்றன. இதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. கடல் கொஞ்சம் தாமதமாகத்தான் கீழ்ப்படிகிறது. பெரிய ஏற்றம் அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிறது, சிறிய ஏற்றம் அஷ்டமி கழிந்து நவமி, தசமியில் வருகிறது. ஆக, தீபாவளி பலகாரத்தைக் கட்டிக்கொண்டு மறுநாள் விமானம் ஏறும் குடும்பம், அந்தப் பதினைந்து நாளில் நீரோட்டம் மிகப் பலமாக இருக்கும் தினங்களில் சரியாகப் போய்ச் சேருகிறது. அதற்கு மூன்று வாரத்துக்குள் முன்னால் வந்துபோன ஆயுத பூஜை எப்போதும் நவமி, விஜயதசமி எப்போதும் தசமி. நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது என்று மயிலாப்பூர் மாடவீதியில் விற்கும் பாம்புப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாம் ஒதுக்கிவைக்கும் அஷ்டமி நவமிதான் டைவருக்கு மாதத்திலேயே சுபதினம். (ஆயுத பூஜையின்போது தென்மேற்குப் பருவக்காற்றின் வால் அந்தமானில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வரும் அஷ்டமிகளே உத்தமம்.)

ஏற்றவற்றம் சிறுத்தால் நீரோட்டம் கொஞ்சம் குறையும், அதற்காகத் திதி பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். கொஞ்சம் இல்லை என்பதே பதில். ஸ்ரீ விஜயபுரத்தில் அமாவாசையை ஒட்டிக் கடல் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்குகிறது. அஷ்டமியை ஒட்டி அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவ்வளவு தண்ணீரும் தீவுகளின் இடுக்குகள் வழியாகப் போய் வர வேண்டும். அளவு பாதியானால் வேகமும் ஏறத்தாழப் பாதியாகிறது. வேகம் பாதியானால் உங்கள் உடலின் மேல் தண்ணீர் கொடுக்கும் எதிர்ப்பு பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. ஏனென்றால் அந்த எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. அந்த எதிர்ப்போடு மல்லுக்கட்டி ஓரிடத்தில் நிற்க உங்கள் தொடைகள் ஒவ்வொரு நொடியும் செலவழிக்க வேண்டிய சக்தி எட்டில் ஒரு பங்காகிறது. அதாவது ஒரே திட்டு, ஒரே ஆழம், ஒரே ஆள்; ஒரு வாரம் தள்ளிப் போனால் உழைப்பு எட்டில் ஒன்று. எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் ஒரு வாரத்தில் ஒருவருடைய பலத்தை எட்டு மடங்காக்கித் தர முடியாது.

இதை மறுப்பவர்கள் பெரும்பாலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். மாரத்தான் ஓடுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய நம்பிக்கையைக் காற்றுக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமாகத் தரப்படும் அலுமினியச் சிலிண்டர் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. மேலே வருவதற்காக 50 பாரைத் தொடாமல் வைத்தால் செலவழிக்க மிஞ்சுவது 1,650 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு என்பதால் ஒவ்வொரு மூச்சும் மூன்று மூச்சுக் காற்றை விழுங்குகிறது. நிதானமாக மிதப்பவர் தரைக் கணக்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சுவிட்டால் அங்கே 45 லிட்டர் போகும். 36 நிமிடம் இருக்கலாம். அதே ஆள் நீரோட்டத்தை எதிர்த்து உதைத்து மூச்சு மூன்று மடங்கானால் 12 நிமிடத்தில் கதை முடிந்தது. அந்த 12 நிமிடத்திலும் அவர் நகர்ந்திருக்க மாட்டார். ஒரு நாட் வேகம் என்பது நொடிக்கு அரை மீட்டர். கரையில் கேட்டால் சிரிப்பு வரும், மெரினாவில் நடைபயிற்சி செய்யும் தாத்தா அதைவிட வேகமாகப் போவார். ஆனால் முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயமும் கட்டிய ஒருவர் அதை எதிர்த்துச் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பது அபூர்வம். ஆழத்தில் காற்றின் அடர்த்தி கூடுவதால், வேகமாக இழுக்கும் மூச்சு முழுசாக வெளியே போகாது. கரியமில வாயு உடலில் தேங்கும். அது தேங்கினால் சிலிண்டர் நிறையக் காற்று இருக்கும்போதே காற்றுப் போதவில்லை என்று மூளை அலறும். திறமைசாலிகளும் ரெகுலேட்டரைப் பிடுங்கிக்கொண்டு மேலே பாயும் நிலை அப்படித்தான் உண்டாகிறது. நன்றாக நீந்துகிறவருக்கு இதில் ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது: அவர் கொஞ்ச நேரம் அதிகமாகப் போராடிப் பார்ப்பார்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நியாயமானது. நீரோட்டம் இல்லாத இடத்தில் மீன் இல்லை. நீரோட்டத்துக்குப் பயந்தால் தொட்டியில் மீன் பார்ப்பதுபோல ஆகிவிடாதா? உண்மைதான். நீரோட்டமே திட்டுக்குச் சோறு போடுகிறது. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களை அது கொண்டுவரும். அவற்றைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைச் சூரையும் பாரையும் துரத்தும். கடல் விசிறிகள் நீரோட்டத்துக்குக் குறுக்கே முகம் காட்டித்தான் வளர்கின்றன. ஒரு திட்டில் அவை எந்தப் பக்கம் பார்த்து விரிந்திருக்கின்றன என்று பார்த்தால் அங்கே எந்தத் திசையில் நீர் ஓடுகிறது என்று ஊகித்துவிடலாம். ஹேவ்லாக்கில் டைவர்கள் தேடிப் போகும் ஜானிஸ் கோர்ஜ், உள்ளூர்க் கரேன் சமூகத்து டைவர் ஒருவரின் பெயர் வைத்த இடம். ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் அங்கே மீன் கூட்டம் குமிவதற்கு நீரோட்டமே காரணம். ஆகவே நான் சொல்வது நீரோட்டம் இல்லாத நாளைத் தேடுங்கள் என்பதல்ல. தசமியில் கடல் நின்றுவிடாது; அரை நாட், முக்கால் நாட் ஓடும். மீன்கள் வெளியே வந்து வாயை நீரோட்டத்துக்கு நேராக வைத்து மேய அது போதும். உண்மையில் நீரோட்டம் அளவுக்கு மீறினால் காட்சியும் கெடுகிறது. திட்டின் மேல் மேகம்போல் பரவி நிற்கும் சின்ன ஆரஞ்சு மீன்கள் அப்போது பவளத்தோடு ஒட்டிப் பதுங்கிவிடுகின்றன. டைவரும் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க் பிடுங்கிக்கொண்டு போகாமல் காப்பாற்றுவதிலேயே பொழுதைப் போக்குகிறார். அவர் பிடித்த பாறை உயிருள்ள பவளமாக இருந்தால் அதுவும் பாழ்.

கைப்பேசியில் கடல் ஏற்றவற்றம் சொல்லும் செயலிகள் இருக்கும்போது பஞ்சாங்கம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செயலி நல்லது, பாருங்கள். ஆனால் அது சொல்வது துறைமுகத்தில் நீர்மட்டம் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரும் என்பதை. நீங்கள் இறங்கப்போகும் திட்டில் நீர் எந்த நேரம் நிற்கும், எந்த நேரம் திரும்பும் என்பது வேறு கேள்வி. மட்டம் உச்சத்தைத் தொட்ட பிறகும் தண்ணீர் பழைய திசையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. அந்த இடைவெளி ஒவ்வொரு திட்டுக்கும் ஒவ்வொன்று. பல வருஷம் அதே இடத்தில் நங்கூரம் போட்ட படகோட்டிக்கு மட்டும் அது தெரியும். அந்தமான் கடலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீருக்கும் கீழே இருக்கும் குளிர்ந்த நீருக்கும் நடுவில், கடலின் வயிற்றுக்குள்ளேயே பெரும் அலைகள் பயணம் செய்கின்றன. ஆஸ்போர்ன், பர்ச் என்ற இருவர் இவற்றைப் பற்றி 1980இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை கடலியலில் புகழ்பெற்றது. பல பத்து மீட்டர் உயரம் கொண்ட இந்த அலைகள் மேற்பரப்பில் சலசலக்கும் நீண்ட பட்டைகளாகத்தான் தெரியும்; உள்ளே இருப்பவருக்கோ திடீரென்று குளிர்ந்த நீர், திடீரென்று கீழ்நோக்கிய இழுப்பு. செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர்களின் பக்கத்தில் எந்தக் காரணத்தால் கீழிழுப்பு வந்தாலும் அது விளையாட்டல்ல. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து 140 கிலோமீட்டர் வாக்கில், மனிதர் யாரும் இல்லாமல், தெற்காசியாவின் ஒரே உயிருள்ள எரிமலையாக நிற்கும் பாரன் தீவைச் சுற்றி டைவ் செய்யப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அந்த உள் அலைகளையும் பிறப்பிப்பது ஏற்றவற்றம்தான் என்பதால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அவையும் வலுக்கின்றன. எனவே திதி எல்லாவற்றையும் சொல்லாது; ஆனால் விமான டிக்கெட் எடுக்கும் அன்றைக்கே, மூன்று மாதம் முன்னதாகவே, சென்னையில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ளக்கூடியது அது ஒன்றுதான். காற்றையும் மழையையும் அப்படி முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கடலில் இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஏற்றவற்றம் அமாவாசைக்கே ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். இங்கே நீரை ஓட்டுவது சந்திரன் அல்ல, பருவக்காற்றும் வங்கக் கடலின் சுழற்சியும். பிப்ரவரியிலிருந்து மே வரை கரையோர நீரோட்டம் வடக்கே போகிறது, மார்ச், ஏப்ரலில் உச்சம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திரும்பித் தெற்கே ஓடுகிறது. திருவான்மியூரிலிருந்து பட்டினப்பாக்கம் வரை உள்ள குப்பங்களில் வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்து, நங்கூரக் கயிறு சாயும் கோணத்திலும் வலை மிதவை இழுபடும் விதத்திலும் அன்றைய வேகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டைவிங் கற்கும் மாணவர் அவர்களோடு ஒரு விடியற்காலை உட்கார்ந்தால், நீச்சல் குளத்தில் ஒரு வாரம் கற்பதைவிட நீரோட்டத்தைப் பற்றி அதிகம் கற்கலாம். குளத்தில் நீரோட்டம் கிடையாது. கலங்கிய நம் கடலில் பழகுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள், கண்ணாடிபோன்ற அந்தமான் தண்ணீரில் தொடங்கி, தெளிவையே பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். முப்பது மீட்டர் தூரம் தெரிவதும் நீரோட்டம் இல்லாததும் ஒன்றல்ல. பல சமயம் அந்தத் தெளிந்த நீரைக் கொண்டுவந்ததே பலமான நீரோட்டமாக இருக்கும்.

அடுத்தது படகு. இங்கே மன்னார் வளைகுடாவின் பழைய முத்துக்குளிப்பை நினைத்துக்கொள்ளலாம். 1961க்குப் பின் தூத்துக்குடிப் பக்கத்தில் அது நடக்கவில்லை என்றாலும் அதன் ஒழுங்கு எழுத்தில் பதிவாகியிருக்கிறது. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட அமைதியான மாதங்களில்தான் குளிப்பு நடந்தது. நள்ளிரவு வாக்கில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், காலை முழுக்க மூழ்கி, பகலில் கடல்காற்று எழுந்ததும் திரும்பினார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குபவர் ஒருவர் என்றால் தோணியில் அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பவர் இன்னொருவர்; அவர் கண் வேறெங்கும் போகக்கூடாது. நாள், நேரம், மேலே காத்திருக்கும் ஆள் என்று மூன்றையும் அவர்கள் முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். நாம் சிலிண்டரைக் கட்டிக்கொண்டதும் கயிற்றை விட்டுவிட்டோம். கயிறு இல்லாததால் மேலே இருப்பவருடைய வேலை கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. கணக்கைப் பாருங்கள்: ஒரு நாட் நீரோட்டத்தில் நாற்பது நிமிடம் மிதந்து போனால் இறங்கிய இடத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் தள்ளி எழுவீர்கள். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் மட்டும் 90 மீட்டர். அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான். ஆகவே நீரோட்டத்தில் டைவ் என்றால் படகு நங்கூரம் போட்டு நிற்கக்கூடாது. குமிழிகளைப் பார்த்தபடி பின்தொடர வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஊதி மேலே அனுப்பும் ஆரஞ்சு நிற அடையாளக் குழல் இருக்க வேண்டும். அதை ஏவத் தெரியாதவரிடம் அது இருந்தும் பயனில்லை.

இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்தால் இது விளங்கும். 2014 பிப்ரவரி 14ஆம் தேதி பாலிக்குப் பக்கத்தில் நூசா லெம்போங்கான் அருகே ஏழு ஜப்பானியப் பெண்கள் டைவ் முடித்து எழுந்தபோது படகைக் காணவில்லை. இடையில் வானிலை மோசமாகியிருந்தது. ஐந்து பேர் மூன்று நாள் கழித்து மீட்கப்பட்டார்கள். இருவர் உயிரோடு திரும்பவில்லை. ஏழு பேரும் புதியவர்கள் அல்லர், அவர்களில் பயிற்சியாளர்களே இருந்தார்கள். அன்றைய நாள் பௌர்ணமியை ஒட்டியது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் என் கட்சி சுலபமாக ஜெயித்துவிடும். ஆனால் 2022 ஏப்ரல் 6ஆம் தேதி மலேசியாவின் மெர்சிங் கடலில் நால்வர் இதேபோலப் படகைத் தொலைத்து, பல மைல் அடித்துச் செல்லப்பட்டு, ஒரு சிறுவன் இறந்துபோனபோது திதி அமாவாசையைத் தாண்டிப் பஞ்சமி வாக்கில் இருந்தது. கடல் அடங்கிவரும் நாட்கள். நல்ல நாளும் மேலே ஒழுங்கான படகு இல்லாவிட்டால் காப்பாற்றாது. நாள் நீரோட்டத்தின் பலத்தைக் குறைக்கிறது. அந்த நீரோட்டம் உங்களை எங்கே கொண்டுபோய்விடுகிறது என்று பார்த்துக்கொண்டே வருவது படகு. இரண்டில் ஒன்று போதும் என்று வாதிடுபவரோடு எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, ‘டைவ் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்’ என்ற நம்பிக்கை. அவருக்கும் இரண்டு கைதான். பலமான நீரோட்டத்தில் நாலு பேரைக் கூட்டிப்போகிறவர் ஒருவரைப் பிடித்தால் மற்ற மூவர் மூன்று பக்கம் போயிருப்பார்கள். அவர் உங்களுக்காகச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம், முதலில் தான் மட்டும் குதித்து, மிதவைக் கயிறு சாய்வதைப் பார்த்து, மேலே ஏறி, ‘இன்றைக்கு இங்கே வேண்டாம்’ என்று சொல்வது. அப்படிச் சொல்கிறவரை நம் ஆட்கள் மதிப்பதில்லை என்பதே இந்தத் தொழிலின் பெரிய வருத்தம். இவ்வளவு பணம் கட்டி, இவ்வளவு தூரம் வந்து, இரண்டே நாள்தான் இருக்கிறது என்று படகிலேயே வாக்குவாதம் நடக்கும். அந்த நெருக்கடியில் பத்தில் இரண்டு தடவை வழிகாட்டி வளைந்துகொடுத்தாலும் அது அதிகம். எனவே வாக்குவாதத்தைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் கேளுங்கள்: நாங்கள் உள்ளே இருக்கும்போது படகில் யார் இருப்பார், அவர் எங்களைப் பின்தொடர்வாரா? இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுவது யார்? அடையாளக் குழல் ஆளுக்கு ஒன்று உண்டா? நீரோட்டம் சரியில்லை என்று நீங்கள் நிறுத்தினால் பணம் திரும்புமா, அல்லது வேறு நாள் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.